மலைச்சாலையில் மோட்டர் மக்கர் செய்தால்: பினாங்கிலிருந்து கோத்தா பாரு போகிறவர்களுக்கு

பட்டர்வொர்த்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, கூலிம், பாலிங், பெங்காலான் ஹூலு வழியாகப் போனால் பசியாறும் நேரத்துக்குக் கிரிக் வந்துவிடும். அங்கே வயிற்றையும் தொட்டியையும் நிரப்பிக்கொண்டு ஏறினால் ஜெலி வரை கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பெரும்பகுதி காடு. 1982இல் இந்தச் சாலை திறந்த பிறகுதான் வடக்கே இருப்பவர்கள் தீபகற்ப மலேசியாவின் குறுக்காக நேரே கிழக்குக் கரைக்குப் போக முடிந்தது. தெமெங்கோர் ஏரிப் பாலத்தில் காலைப் பனி விலகுவதைப் பார்ப்பதற்கென்றே நான் வருடத்துக்கு ஒரு தடவையாவது கப்சாயில் (சின்ன மோட்டர் சைக்கிளில்) போய்வருகிறேன்.

அந்தச் சாலையில் வண்டி நின்றுவிட்டால் கூப்பிடு தூரத்தில் மோட்டர் கடை கிடையாது. பல இடங்களில் கைப்பேசிக்கு அலையும் கிடையாது. இருட்டினால் யானை வரும். அதனால் வண்டி என்ன அறிகுறி காட்டினால் எதை முதலில் பார்ப்பது என்று எழுதி வைக்கிறேன். பெரிய இன்ஜின் வேலை எதுவும் இதில் இல்லை. சாலையோரத்தில், சீட்டுக்கு அடியில் இருக்கும் டூல் பையோடு செய்யக்கூடியது மட்டும்தான்.

வண்டி நின்றவுடன் எல்லோரும் "எங்கே பழுது?" என்று தேட ஆரம்பிக்கிறோம். எனக்கு உதவிய கேள்வி "எப்போது?" என்பது. குளிர்ந்த வண்டியிலா, சூடான பிறகா? மழை நின்ற பிறகா? மேட்டிலா, சமதரையிலா? எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை? மூட்டை கட்டிய பிறகு ஆரம்பித்ததா? கடைசியாக அந்த வண்டியில் யார் கை பட்டது? ஒரே மாதிரி நிற்கிற இரண்டு வண்டிகளுக்கு இரண்டு வேறு பழுது இருக்கும். அதைப் பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விதான்.

அதற்கும் முன்னால் ஒன்று. வளைவில் நின்றிருந்தால் வண்டியை வளைவு தாண்டித் தள்ளிக்கொண்டு போங்கள். மர லாரிகள் அந்த வளைவுகளில் சட்டென்று நிறுத்த முடியாது. வண்டி மேலேயே உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை என்றால் ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் எண்ணையும், எந்தத் திசைச் சாலை என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டு, அந்தச் சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் உதவி எண் 1800 88 0000க்கு அழைக்கலாம்.

நன்றாக ஓடுகிறது, அரை மணி நேரத்தில் தானாக அணைகிறது, நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடுகிறது

மூன்று வருடத்துக்கு முன்பு நாங்கள் ஐந்து பேர் பிறையிலிருந்து கிளம்பினோம். கூட வந்த ஒரு தம்பியின் யமாஹா ஒய்15 மோட்டர், கிரிக் போவதற்குள் இரண்டு தடவை நின்றது. முதல் தடவை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தோம். இரண்டாவது தடவை புது பிளக்கே போட்டோம், விரலெல்லாம் சுட்டுக்கொண்டு. கிளப்பினால் ஓடியது. எல்லோரும் பிளக்தான் கோளாறு என்று நம்பிவிட்டோம். மலை ஏற ஆரம்பித்து மறுபடி நின்றபோது, எங்களில் மூத்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா நிக்குது தம்பி?"

"அரை மணி நேரம்ணே. ஒவ்வொரு தடவையும் அதே கணக்குதான்."

"சீட்டத் தூக்கு."

சீட்டைத் தூக்கினால் பெட்ரோல் மூடி மேல் ஒரு பிளாஸ்டிக் பை. ரப்பர் பேண்ட் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. போன பயணத்தில் மழைத் தண்ணீர் தொட்டிக்குள் போய்விட்டதாம், அதற்காகக் கட்டியிருக்கிறான். பையை அவிழ்த்து மூடியைத் திருகியதும் "ஸ்ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்துக்கொண்ட சத்தம் எங்கள் ஐந்து பேருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு கோத்தா பாரு வரை அந்த வண்டி நிற்கவில்லை.

நடந்தது இதுதான். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியிலேயோ அதை ஒட்டிய சின்னக் குழாயிலேயோ ஒரு வழி இருக்கும். அதை அடைத்துவிட்டால் தொட்டிக்குள் இழுவிசை உண்டாகி, பெட்ரோல் இறங்காது. வண்டி நின்று பத்து நிமிடம் ஆனால் சந்து பொந்து வழியாகக் கொஞ்சம் காற்று புகுந்துவிடும். மறுபடி ஓடும். நாம் என்ன செய்தாலும், அந்த நேரத்தில் எதைக் கழற்றி மாட்டினாலும், அதுதான் பழுதைச் சரிசெய்தது என்று தோன்றிவிடும்.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதல் சோதனை, வண்டி நின்ற உடனே, ஆற விடாமல், பெட்ரோல் மூடியைத் திறப்பது. பக்கத்தில் சிகரெட் கூடாது. காற்று இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே வண்டி கிளம்பினால் விடை கிடைத்துவிட்டது. மூடித் துவாரத்தை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். சீட்டுக்கு அடியில் மழைச்சட்டையைத் திணித்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

சத்தம் வரவில்லை என்றால் அடுத்து, சாவியைப் போட்டுக் காதைத் தொட்டிப் பக்கம் வையுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் (கார்புரேட்டர் இல்லாதது) பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி "ங்ங்" என்று சுற்றி அடங்கும். அந்தச் சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், பம்ப்புக்குப் போகும் ஒயர் சாக்கெட் இரண்டையும் பாருங்கள். பம்ப் சுற்றுகிறது, மூடியிலும் கோளாறு இல்லை, சூடானால் மட்டும் நிற்கிறது என்றால் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் மேல் சந்தேகம் வரும். காயில் சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும். அதை வழியில் ஒன்றும் செய்ய முடியாது. நிறுத்தி நிறுத்தி ஆற விட்டு அடுத்த ஊர் வரை ஓட்டிப்போக வேண்டியதுதான்.

மழைக்குப் பிறகு முக்குகிறது, அல்லது காலையில் கிளம்பவே இல்லை

தீபகற்பத்தில் மழைக்குப் பெயர்போன ஊர் தைப்பிங். ஈப்போ பக்கமிருந்து பினாங்குக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அங்கே நனைந்துதான் வருவார்கள். நனைந்த வண்டி உடனே மக்கர் செய்யாது. ராத்திரி முழுக்க ஹோட்டல் வாசலில் நின்று, காலையில்தான் அடம்பிடிக்கும். காரணம் பெரும்பாலும் பிளக் கேப்.

கேப்பை முறுக்கி மெல்ல இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். உலர்ந்த துணியின் முனையைத் திரித்து உள்ளே விட்டுத் துடையுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள குழியிலும் தண்ணீர் தேங்கியிருக்கும், அதையும் ஒற்றி எடுங்கள். தண்ணீர் விரட்டும் ஸ்பிரே இருந்தால் கொஞ்சம் அடித்து, ஐந்து நிமிடம் விட்டு, கேப்பை "டக்" என்று உட்காரும் வரை அழுத்துங்கள். பத்துக்கு எட்டு தடவை இதோடு முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

பழுது கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் இருட்டில் பாருங்கள். விடியும் முன்பு வண்டியைக் கிளப்பி, பிளக் ஒயரைத் தொடாமல் குனிந்து பார்த்தால், ரப்பர் வெடித்த இடத்தில் நீலப் பொறி தாவுவது தெரியும். அந்த இடத்தைத் துடைத்துக் கருப்பு டேப் சுற்றினால் ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும்.

பழைய கார்புரேட்டர் வண்டி, ஹோண்டா இஎக்ஸ்5 மாதிரி, என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு சின்ன ஸ்குரு இருக்கும். அதைத் தளர்த்தி, வடியும் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் போத்தலிலோ தெளிவான பிளாஸ்டிக் போத்தலிலோ பிடியுங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் தனியே நின்றால், முழுவதும் வடித்துவிட்டு ஸ்குருவை மூடுங்கள். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது. அது கிண்ணத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டு, பெட்ரோல் போகும் ஜெட் துவாரத்தை அடைக்கும்.

மழையில் சறுக்கி வண்டி ஒரு பக்கம் படுத்துவிட்டது, தூக்கி நிறுத்திய பிறகு கிளம்பவில்லை என்று பதறுகிறவர்களும் உண்டு. இன்ஜெக்ஷன் வண்டிகளில், சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் இருக்கும். சாவியை முழுவதும் அணைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி போடுங்கள். அது போதும். முதலில் உங்களுக்கு அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள், வண்டி காத்திருக்கும்.

பட்டனை அழுத்தினால் "டிக் டிக்" மட்டும் கேட்கிறது

பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இருநூறு கிலோமீட்டர் குலுங்கிய வண்டியில் பேட்டரி முனை ஸ்குரு தளர்ந்திருப்பது சாதாரணம். விரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறுக்குங்கள், வெள்ளைப் பூச்சு இருந்தால் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

அப்படியும் சரிவரவில்லை என்றால் சின்ன மல்டிமீட்டர் ஒன்று கையில் இருப்பது நல்லது. நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது, கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் நூறு கிலோமீட்டரில் அதுவும் காலியாகும். பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெக்டிஃபையரின் சாக்கெட் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். பயணத்துக்கென்று மாட்டிய ஸ்பாட்லைட்டையும் கைப்பேசி சார்ஜரையும் கழற்றி வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சின்ன வண்டி உண்டாக்கும் மின்சாரம் கொஞ்சம். இரண்டு ஸ்பாட்லைட் அதைக் குடித்துவிடும்.

கிக் இருந்தால் கிக்கில் கிளப்பிப் போகலாம். கை கிளட்ச் வண்டியை இரண்டாம் கியரில் தள்ளியும் கிளப்பலாம். ஆனால் இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி அடியோடு காலியென்றால் பம்ப்பே சுற்றாது. தள்ளித் தள்ளி மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. எப்போது ஆரம்பித்தது என்று யோசியுங்கள். வழியில் கருப்பு எண்ணெய் (இன்ஜின் ஆயில்) குறைந்திருந்து, பெட்ரோல் ஸ்டேஷனில் கிடைத்த கார் எண்ணெயை ஊற்றிய பிறகா? அப்படியானால் விடை அங்கேதான். கார் எண்ணெய் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். காரில் கிளட்ச் தனியாக இருக்கிறது. நம் மோட்டரில் கிளட்ச் அதே எண்ணெயில் மிதக்கிறது. போத்தலின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற மோட்டர் எண்ணெய்த் தரக் குறி இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். தவறான எண்ணெய் ஊற்றிவிட்டால் மெதுவாக அடுத்த ஊருக்குப் போய் வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றுங்கள். பெரும்பாலும் கிளட்ச் பிழைத்துக்கொள்ளும்.

எண்ணெயே மாற்றவில்லை, தானாக வழுக்குகிறது என்றால் முதலில் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் விறைத்து நின்றால், கிளட்ச் லீவரை எப்போதும் பாதி அழுத்திப் பிடித்திருப்பது போல ஆகிவிடும்.

இதையொட்டி ஒன்று சொல்லிவிடுகிறேன். மணிக்கணக்கில் வேகமாக ஓடும் சின்ன இன்ஜின் எண்ணெய் குடிக்கும். ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் மொத்தமே இருக்கிறது. காலையில் கிளம்பும் முன், வண்டியைச் சமமாக நிறுத்தி, அளவுக் குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த வண்டிகளில், வழியில் இன்ஜின் ஜாம் ஆனவை எல்லாமே எண்ணெய் வற்றித்தான் ஜாம் ஆயின.

மேட்டில் மூச்சு வாங்குகிறது

கிரிக்கிலிருந்து ஏறும்போது எல்லாக் கப்சாய்க்கும் வேகம் குறையும், மூட்டையோடு ஆள் இருவர் என்றால் இன்னும் குறையும். அது பழுதில்லை, கியரைக் குறைத்துப் போங்கள். சமதரையிலும் இழுக்கவில்லை என்றால் இறங்கி, நியூட்ரலில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். கனமாக உருண்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் தட்டுக்கு அருகே கையைக் கொண்டுபோனாலே அனல் தெரியும். லேசாக உருண்டால் ஏர் ஃபில்டர் மழையில் நனைந்து ஊறியிருக்கலாம். ஹோண்டா இன்ஜெக்ஷன் வண்டியில் மீட்டரிலுள்ள இன்ஜின் விளக்கு மின்னினால் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்: நீண்ட மின்னல் ஒவ்வொன்றும் பத்து, குட்டை மின்னல் ஒவ்வொன்றும் ஒன்று. அந்த எண்ணைச் சொன்னால் கடைக்காரர் தேடுகிற நேரம் மிச்சம்.

பின்பக்கம் ஆடுகிறது

இதுதான் எனக்கு மிகவும் பயமான அறிகுறி. ஆட ஆரம்பித்த அந்த நொடியில் கை தானாகப் பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. முறுக்கை மெதுவாக விடுங்கள், உடம்பைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள், ஹேண்டிலைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடிக்காதீர்கள். வேகம் தானாக இறங்கட்டும். நின்ற பிறகு கேளுங்கள்: எப்போது ஆடியது?

திடீரென்று ஆரம்பித்து, வேகம் குறைந்தாலும் ஆட்டம் நிற்காமல் பின்பக்கம் வழுக்கியது என்றால் டயரில் காற்றுப் போகிறது. ஆணி தெரியவில்லை என்றால் வால்வு முனையில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்வுதான். டியூப் இல்லாத டயரில் ஆணி குத்தியிருந்தால், பிளக் செய்யும் ஊசியும் பசைத் திரியும் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. ஆணியைப் பிடுங்கும் முன் அது எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியும் அதே சாய்வில் போனால்தான் திரி சரியாக உட்காரும். கம்பி ரிம்மும் டியூப்பும் உள்ள வண்டி என்றால் அந்த ஊசி உதவாது. டியூப் ஒன்று, டயர் நெம்பும் கம்பி இரண்டு, கைப்பம்ப் ஒன்று, அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானா ஒன்று, இவ்வளவும் வேண்டும். 17 அங்குல முன் டியூப் வாங்கி வைத்தால் அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் போடலாம்.

வேகத்தில் மட்டும், 90ஐத் தாண்டினால் மட்டும் ஆடுகிறது, 70இல் ஒன்றும் இல்லை என்றால் மூட்டையைப் பாருங்கள். பின்னால் பாக்ஸுக்குள் டூல், தண்ணீர்ப் போத்தல், கேமரா எல்லாம் போட்டு, அதற்கு மேல் ஒரு கூடாரத்தையும் கட்டியிருப்போம். பாரம் முழுக்கப் பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். முன் சக்கரம் இலேசாகிவிடும். கனமான சாமான் அத்தனையையும் எடுத்து, கால் நடுவே இருக்கும் இடத்திலோ சீட்டின் இரு பக்கத்திலோ தாழ்வாகக் கட்டுங்கள். பாக்ஸில் துணிமணி மட்டும் போதும். அதே வண்டி, அதே ஆள், பாரத்தை இடம் மாற்றியதும் ஆட்டம் நின்றதை நானே கையில் உணர்ந்திருக்கிறேன்.

டயர்க் காற்றையும் அப்போதே பாருங்கள். பெட்ரோல் ஸ்டேஷன் பம்ப்பில் பெரும்பாலான கப்சாய்க்கு முன்னால் 200, பின்னால் 225 கேபிஏ (கிலோபாஸ்கல்). ஆள் இருவரோ மூட்டையோ என்றால் பின்னால் இன்னும் கூட்ட வேண்டும். உங்கள் வண்டியின் சரியான எண், செயின் பக்கத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். டயர் சூடாவதற்கு முன் அளந்ததுதான் கணக்கு.

இரண்டும் இல்லையா? வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். "டொக் டொக்" என்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. மெதுவாகப் போய்க் கடையில் விடுங்கள், அதற்கு மேல் அதோடு ஓடாதீர்கள்.

செயின் "கர கர" என்கிறது

நனைந்த மறுநாள் என்றால் எண்ணெய்தான் கேட்கிறது. ஓடி முடித்துச் செயின் சூடாக இருக்கும் சாயங்காலத்தில் உள்பக்கமாக ஊற்றுங்கள். காலையில் ஊற்றிவிட்டு உடனே கிளம்பினால் பாதி தெறித்து ரிம்மில்தான் இருக்கும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழை என்றால் அன்றன்றே.

சத்தம் ஒரு தாளம் போல, விட்டு விட்டு வந்தால் செயின் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, மிகவும் இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வைத்துத்தான் தளர்வை அளக்க வேண்டும். நடுவில் விரலால் தூக்கினால் 25 முதல் 35 மில்லிமீட்டர் ஏறி இறங்குவது பொதுவான கணக்கு. இறுக்கமாக வைப்பது பத்திரம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். மூட்டை ஏற்றி ஆள் உட்கார்ந்ததும் செயின் இன்னும் இறுகும். அப்போது அறுந்துபோவது நல்ல செயினும்தான். இணைப்பின் கிளிப்பையும் ஒரு பார்வை பாருங்கள். அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

இறக்கத்தில் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

தித்திவங்சா மலையிலிருந்து ஜெலிப் பக்கம் இறங்கும்போது இது வரும். பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. லீவர் ஹேண்டில் வரை வந்துவிட்டால் விட்டு விட்டு வேகமாகப் பம்ப் செய்யுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், பின் பிரேக்கால் நிறுத்துங்கள். நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம், தட்டு வளைந்துவிடும். ஆறியதும் லீவர் பழையபடி கெட்டியாகிவிட்டால் சூடுதான் காரணம். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். கோத்தா பாருவில் அதை மாற்றிவிடுங்கள். ஆறிய பிறகும் பஞ்சாகவே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

ரேடியேட்டர் வண்டியில் சூட்டு விளக்கு எரிந்தாலும் நிறுத்தி ஆற விடுவதுதான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். முகத்தில் பீய்ச்சும்.

நேற்றுதான் சர்வீஸ் செய்தேன், இன்று புதுப் பழுது

"கடைசியாக யார் கை பட்டது?" என்று ஆரம்பத்தில் கேட்டது இதற்காகத்தான். ஒரு வருடம், கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒரு கடையில் எண்ணெய் மாற்றினேன். மறுநாள் பாலிங் தாண்டியதும் பூட்ஸ் ஈரமாக இருப்பது போலத் தோன்றியது. மழை இல்லை. நிறுத்திக் குனிந்து பார்த்தால், அடியில் எண்ணெய் வடிக்கும் போல்ட் விரலாலேயே சுற்றியது. எண்ணெய் பின் டயரின் இடது ஓரம் வரை பூசியிருந்தது. இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் நான் கீழே கிடந்திருப்பேன். டயரைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, எண்ணெய் வாங்கி ஊற்றிக்கொண்டு போனேன்.

அதிலிருந்து சர்வீஸ் எல்லாம் பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் முடித்துவிடுகிறேன். அப்புறம் வேலைக்கும் வீட்டுக்குமாக இருநூறு கிலோமீட்டராவது ஓட்டுகிறேன். தளர்வது எல்லாம் அதற்குள் தளர்ந்து காட்டிவிடும். நீங்களும் புதுப் பழுது கண்டால், புதிதாகத் தொட்ட இடத்தைத்தான் முதலில் பாருங்கள்: புதுச் செயின் என்றால் அச்சு நட்டு, புது பேட்டரி என்றால் முனை, டயர் மாற்றியது என்றால் பிரேக் கம்பி.

வண்டிக்கு ஒன்றும் இல்லை, ஆள் ஓடவில்லை

விரல் மரத்துப்போகிறது என்றால் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். தோள் காதுப் பக்கம் ஏறியிருக்கும், இறக்குங்கள். தலை வலித்து, வாய் உலர்ந்து, சிறுநீர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்தது கணக்கில் சேராது. நனைந்த சட்டையோடு காற்றில் ஓடினால் நம் ஊர் வெயிலிலேயே உடம்பு நடுங்கும். நடுங்கும் கை பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிக்கும். உலர்ந்த சட்டை ஒன்று பிளாஸ்டிக் பையில் எப்போதும் இருக்கட்டும்.

தூக்கத்துக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கடைசியாகத் தாண்டியது எந்தப் பாலம், எந்த ஊர்ப் பலகை என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். நினைவுக்கு வரவில்லை என்றால் கண் திறந்திருந்தும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று பொருள். அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் படுத்துவிடுவேன். முகம் கழுவுவது, பாட்டுப் போடுவது, கூட வருகிறவரோடு கத்திப் பேசுவது எல்லாம் ஐந்து கிலோமீட்டருக்குத்தான் தாங்கும். நேரமாகிறது என்று கூட்டத்தில் ஒருவர் அவசரப்படுத்துவார். அவருக்காக ஓட்டாதீர்கள்.

கைவிட வேண்டிய நேரம்

சோதனை எல்லாம் செய்து ஒரு மணி நேரம் ஆகியும் தெரியவில்லை என்றால் கழற்றுவதை நிறுத்துங்கள். இருட்டுவதற்குள் காட்டை விட்டு வெளியேறுவதுதான் முக்கியம். அந்தச் சாலையில் பிக்கப், லாரிக்காரர்கள் பெரும்பாலும் நிறுத்திக் கேட்பார்கள். வண்டியைக் கட்ட நல்ல பட்டைக் கயிறு இரண்டு உங்களிடம் இருந்தால் வேலை சுலபம். யானை நின்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை மின்ன வேண்டாம். அது போகட்டும்.

கடை எப்போது திறந்திருக்கும் என்பதையும் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். கெடா, கிளந்தான், திரங்கானு மூன்றிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் தானா மேராவில் கடை தேடி அலைந்திருக்கிறேன். பினாங்கில் ஞாயிறு மூடியிருக்கும் கடைகளை நினைத்துத் திட்டம் போட்டால் அங்கே கதை மாறும். சீனப் புத்தாண்டு வாரத்தில் நம் பக்கத்துக் கடைகளே பல நாள் திறக்காது. ஆண்டு இறுதியில் கிழக்குக் கரையில் பருவமழை கொட்டி வெள்ளம் வரும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை நான் அந்தப் பக்கம் போவதில்லை.

கிரிக்கில் பெட்ரோல் நிரப்பும்போதே, அலை இருக்கும் இடத்தில் நின்று, வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: இத்தனை மணிக்கு ஏறுகிறேன், இத்தனை மணிக்குள் ஜெலியிலிருந்து கூப்பிடுகிறேன், கூப்பிடவில்லை என்றால் இன்னாரிடம் சொல்லுங்கள். ஜெலியில் இறங்கியதும் தேநீர் கேட்பதற்கு முன்னால், சொன்னபடி அந்த அழைப்பைச் செய்துவிடுங்கள். என் அம்மா அந்த நேரத்துக்குக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.